ஃபார்மட் அடிக்காமல் போர்டு மாற்றலாம்

குடவாசலில் என் மாமா ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கோயில் குடமுழுக்கு அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், உரக்கடை பில் புத்தகம் என்று சுற்றுவட்டார ஊர்களின் நல்லது கெட்டது எல்லாம் அந்தக் கடையின் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வழியாகத்தான் காகிதத்துக்கு வரும். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில், அடைமழையோடு இடி விழுந்த ஒரு ராத்திரியில் அது படுத்துவிட்டது. காலையில் சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. கார்த்திகை முகூர்த்தங்களுக்குப் பதினோரு பத்திரிகை பாக்கி.

"மாப்ளே, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்" என்று போன். நான் கும்பகோணத்தில் இருக்கிறேன், பஸ் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் உள்ளூர் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு முடிவும் சொல்லியிருந்தார். "போர்டு போச்சுங்க. வேற போர்டு போட்டு, ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் ஏத்திடலாம். சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சிடும்." போர்டு என்றால் மதர்போர்டு, பிராசஸர், ரேம் எல்லாம் மாட்டியிருக்கிற பலகை. ஃபார்மட் அடிப்பது என்றால் டிஸ்க்கைத் துடைத்துவிட்டு விண்டோஸை முதலிலிருந்து போடுவது. அவர் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை. நம் பக்கத்தில் போர்டு மாற்றுவதும் ஃபார்மட் அடிப்பதும் ஒரே வேலை என்று எல்லோருமே நம்பிவிட்டார்கள். அப்படி இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் போர்டுதான் போனதா என்று பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் என்கிற மின்சாரப் பெட்டியைத் தனியாகக் கழற்றி, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் சேர்த்தேன். அதன் விசிறி சுற்றியது, மீட்டரில் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒழுங்காக வந்தன. ரேமைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் உயிருள்ள போர்டு பீப் பீப் என்று கத்தும், இது கத்தவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். பிராசஸரை ஒட்டி வரிசையாக நிற்கிற கெப்பாசிட்டர்களில் மூன்றுக்குத் தலை உப்பியிருந்தது. அந்த அலுமினியத் தலையில் கூட்டல் குறி மாதிரி ஒரு கீறல் போட்டிருப்பார்கள், உள்ளே அழுத்தம் ஏறினால் சிதறாமல் அந்தக் கீறல் வழியாகப் பிளந்துகொள்வதற்காக. ஒன்றில் அந்தக் கீறல் திறந்து, வேப்பம்பிசின் மாதிரி பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. லேன் ஒயர் சொருகும் இடத்துக்குப் பின்னால் மிளகு அளவுக்கு ஒரு கருகல். இடி அந்த ஒயர் வழியாக வந்திருக்க வேண்டும், ஆனால் கெப்பாசிட்டர்கள் ரொம்ப நாளாகவே செத்துக்கொண்டிருந்திருக்கின்றன. ஏறி இறங்கும் மின்சாரம், எர்த் இல்லாத பிளக், வருஷத்தில் பாதி நாள் சுவரில் கைவைத்தால் ஈரம் ஒட்டுகிற ஊர். அது அத்தனை வருஷம் ஓடியதே பெரிது.

சரி, ஏன் ஃபார்மட் அடிக்கக் கூடாது? ஃபைல்கள் எல்லாம் டி டிரைவில்தானே இருக்கின்றன, அவை எங்கே போய்விடும் என்று கேட்பார்கள். மாமாவின் கதையில் அது பாதி உண்மைதான். அவர் வேலை செய்வது பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், 2001இல் வந்தது. எழுத்துகள் யூனிகோடு (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) கிடையாது, பழைய பாமினி வகை எழுத்துருக்கள். பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் ஃபைலுக்குள் கிடப்பது தமிழே இல்லை: ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. தமிழ் டைப்ரைட்டிங் படித்தவர்களுக்குப் புரியும், "யளனக" விரல் வரிசையில் த இருக்கிற கட்டையில் ஆங்கிலத்தில் ஜே இருக்கிறது. அந்த ஐந்தையும் "தமிழ்" ஆக்கிக் காட்டுவது எழுத்துரு மட்டுமே. எழுத்துரு போனால் இருபது வருஷத்துப் பத்திரிகைகளும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான். அதிலும் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் ஒவ்வொரு கட்டையில் ஒவ்வொரு எழுத்தை வைத்திருந்தது, ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டையும் தரமாக அறிவித்தது 2010இல்தான். அதற்கு முன் அடித்ததெல்லாம் அதனதன் எழுத்துருவோடு கட்டுண்டு கிடக்கிறது.

இதோடு அவருடைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்கு ஒரு லாக் உண்டு, கம்ப்யூட்டரின் பின்னால் பழைய பிரிண்டர் போர்ட்டில் திருகி வைக்கிற கட்டைவிரல் அளவு டாங்கிள். அது இல்லாமல் மென்பொருள் திறக்காது. டாங்கிள் இருந்தது, மென்பொருளின் சிடி இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது கடைக் கூரையில் ஒரு தகடு கழன்று, அலமாரி முழுக்கத் தண்ணீர். கம்ப்யூட்டரை முதல் நாளே பரணில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடியதால் அது தப்பியது. சிடிக்களின் மேல்பூச்சு வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்துவிட்டது. ஆக, அந்த விண்டோஸ் 7 அழிந்தால் அதைத் திரும்பக் கட்ட எங்களிடம் செங்கல் இல்லை. போதாக்குறைக்கு அது 32 பிட் விண்டோஸ். அந்தக் காலத்து மென்பொருள்களில் பலவற்றின் இன்ஸ்டாலரே 16 பிட், 64 பிட் விண்டோஸில் அது திறக்கவே திறக்காது. "புதுசாப் போட்டுக்கலாம்" என்று சொல்வது லேசு.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதல் சில கணங்கள் ஹார்ட் டிஸ்க்கைப் படித்துக் கொடுப்பது போர்டிலேயே இருக்கிற பயாஸ் என்ற சின்ன மென்பொருள். அந்த உதவியோடு விண்டோஸின் கருவும் ஒரு கைப்பிடி டிரைவர்களும் (ஒவ்வொரு வன்பொருளோடும் விண்டோஸ் பேச உதவும் சின்ன மென்பொருள்கள்) நினைவகத்துக்கு வருகின்றன. அதோடு பயாஸ் கையை விட்டுவிடும், இனி டிஸ்க்கை விண்டோஸ் தன் சொந்த டிரைவரால் படிக்க வேண்டும். போர்டு மாறினால் டிஸ்க்கை ஆளும் சிப்பும் மாறிவிடும், அந்தப் புது சிப்புக்கான டிரைவர் முதலில் ஏறிய கைப்பிடிக்குள் இல்லையென்றால் விண்டோஸ் அங்கேயே நின்றுவிடும். டிரைவர் இல்லாமல் போகவில்லை, டிஸ்க்கில்தான் இருக்கிறது. நாம் இக்கரையில் நிற்கிறோம், படகை அக்கரையில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். நீலத்திரை வந்து, 7பி என்று முடிகிற ஒரு எண்ணைக் காட்டுவது இதற்குத்தான். விண்டோஸ் கெட்டுப்போய்விட்டது என்று அதற்கு அர்த்தமே கிடையாது. ஆனால் அந்த நீலத்திரையைப் பார்த்த உடனேதான் எல்லோரும் ஃபார்மட்டுக்குப் போகிறார்கள்.

சவுண்டு, லேன், திரை ஆகியவற்றின் டிரைவர்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். விண்டோஸ் ஒருமுறை எழுந்து உட்கார்ந்துவிட்டால் அவற்றைப் பிறகு நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம்.

எந்தப் போர்டு வாங்குவது என்பதில் நான் ஒருநாள் செலவழித்தேன். பழையது ஜி41 சிப்செட் (போர்டை ஆளும் சிப்), கோர் 2 டியோ பிராசஸர். அதே போர்டு கிடைத்தால் டிஸ்க்கை மாட்டி அப்படியே ஆன் செய்யலாம், எதுவும் செய்ய வேண்டாம். கிடைத்ததெல்லாம் இன்னொரு கடையில் தலை உப்பிக் கழற்றிப் போட்டவை. சரி, பணம் கொஞ்சம் கூட ஆனாலும் ரொம்பப் புதுசாகப் போய்விடலாமா என்றால், அதில் ஒரு பொறி இருக்கிறது. இன்டெலின் ஆறாம் தலைமுறைப் பிராசஸர்களோடு 2015இல் வந்த சிப்செட்டுகளிலிருந்து பழைய யுஎஸ்பி 2 கண்ட்ரோலரை எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 7க்குத் தானாக யுஎஸ்பி 3 தெரியாது. அதாவது விண்டோஸ் எழுந்து பாஸ்வேர்டு கேட்கும், நம் கீபோர்டும் மவுஸும் செத்துக் கிடக்கும். அதனால் எச்61 சிப்செட், மூன்றாம் தலைமுறை ஐ3 என்று முடிவு செய்தேன். விண்டோஸ் 7க்கு எல்லா டிரைவரும் உண்டு, பழைய டிடிஆர்3 ரேமையே போட்டுக்கொள்ளலாம். முக்கியமாக, பின்பக்கம் 25 ஓட்டை பிரிண்டர் போர்ட் உள்ள போர்டுதான் வேண்டும் என்று சென்னை ரிச்சி தெருவில் தெரிந்தவரிடம் சொல்லி, போர்டும் பிராசஸரும் சேர்த்துப் பார்சலில் வரவழைத்தேன். டாங்கிளை மறந்துவிட்டு வேறு போர்டு வாங்கியிருந்தால் மற்ற எல்லாம் சரியாக நடந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது.

பார்சல் வருவதற்குள் செய்த வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, என் லேப்டாப்பில் யுஎஸ்பி அடாப்டர் வழியாக மாட்டி, க்ளோன்ஸில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருளால் அப்படியே இன்னொரு 500 ஜிபி டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். ஃபைல்களை மட்டும் காப்பி செய்வது வேறு, இது பூட் செக்டரிலிருந்து கடைசி வரை அச்சு அசலாக எடுப்பது. அசலை ஒரு துணியில் சுற்றி மாமாவிடம் கொடுத்துவிட்டேன். இனி நான் என்ன தப்பு செய்தாலும் நகலில்தான் செய்வேன். இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பவர்களுக்கு நான் உதவி செய்வதில்லை, அது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப் போர்டை மாட்டுவதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேபினெட்டில் பித்தளைத் திருகுக்கால்கள் போர்டின் ஓட்டைகளுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஓட்டையில்லாத இடத்தில் ஒன்று நின்றால் போர்டின் அடியில் ஷார்ட் ஆகிவிடும். பிராசஸர் தலையில் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும்.

நகல் டிஸ்க்கை மாட்டி ஆன் செய்தேன். விண்டோஸ் சின்னம் வர ஆரம்பித்து, ஒரு நீல மின்னல், ரீஸ்டார்ட். மறுபடியும் அதே. எஃப்8 தட்டி, பிழை வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகாதே என்கிற வரியைத் தேர்ந்தெடுத்ததும் நீலத்திரை நின்றது. எதிர்பார்த்தபடியே 7பி. பழைய ஜி41 போர்டு டிஸ்க்கோடு ஐடிஇ என்ற பழைய முறையில்தான் பேசும், அதற்கு ஏஎச்சிஐ என்ற புது முறை தெரியாது. புதுப் போர்டு ஏஎச்சிஐயில் நிற்கிறது. பயாஸுக்குள் போய் சாட்டா என்ற இடத்தில் ஐடிஇ என்று மாற்றினேன். பல பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும், எனக்கு முடியவில்லை. மறுபடி நீலம். பழைய சிப்புக்கென்றே இருந்த ஐடிஇ டிரைவர் புது சிப்பை அடையாளம் காணவில்லை, எல்லா சிப்புக்கும் பொதுவான ஐடிஇ டிரைவரோ முதல் கைப்பிடியில் இல்லை.

மாமா பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "என்ன மாப்ளே, ஆவாதா?" என்றார். ஆகும் மாமா, டீ சொல்லுங்க என்றேன்.

இனிமேல்தான் அந்தப் படகை இக்கரைக்கு இழுக்கிற வேலை. விண்டோஸ் 7 டிவிடியைப் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் ரிப்பேர் என்பதைத் தேர்ந்தெடுத்து, கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போய், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகள் எல்லாம் பதிந்திருக்கும் ஏடு) எடிட்டரைத் திறந்தேன். அங்கே தெரிவது டிவிடியின் ரெஜிஸ்ட்ரி, நம்முடையது இல்லை. லோக்கல் மெஷின் என்ற கிளையின் மேல் நின்று லோட் ஹைவ் கொடுத்து, நம் டிஸ்க்கில் விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் என்று உள்ளே போனால் சிஸ்டம் என்ற ஃபைல் இருக்கும், அதைத் திறக்க வேண்டும். கவனம், இந்த இடத்தில் நம் சி டிரைவ் பெரும்பாலும் டி என்று தெரியும். பெயர் கேட்டால் எதையாவது கொடுக்கலாம், நான் மாமா பெயரைக் கொடுத்தேன். அதற்குள் கண்ட்ரோல்செட்001, சர்வீசஸ் என்று போனால் நூற்றுக்கணக்கில் டிரைவர் பெயர்கள் அகர வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஸ்டார்ட் என்று ஒரு எண். 0 என்றால் பயாஸ் கையைப் பிடித்திருக்கும்போதே ஏறிவிடும், 3 என்றால் கூப்பிட்டால்தான் வரும், 4 என்றால் வரவே வராது. ஏஎச்சிஐக்கான டிரைவர் எம்எஸ்ஏஎச்சிஐ 3இல் இருந்தது. பொதுவான ஐடிஇ டிரைவர் பிசிஐஐடிஇயும் 3. இரண்டையும் 0 ஆக்கினேன். மற்ற டிஸ்க் டிரைவர்களான இன்டெல்ஐடிஇ, அடாபி இரண்டும் ஏற்கெனவே 0 தானா என்று பார்த்துக்கொண்டேன். அன்லோட் ஹைவ். டிவிடியை எடுத்தேன். பயாஸில் சாட்டாவைத் திரும்ப ஏஎச்சிஐக்கே மாற்றினேன்.

மாற்றியது இரண்டு எண்கள், அவ்வளவுதான். விண்டோஸ் சின்னத்தின் நான்கு வண்ணங்களும் சேர்ந்து ஒளிர்ந்து, கறுப்பாகி, கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லாமல் இருந்து, மாமாவின் டெஸ்க்டாப் வந்தது. எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, குடவாசல் கோயில் கோபுரப் படம் பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி. டிரைவர் போடுகிறேன், ரீஸ்டார்ட் செய் என்று மூலையில் அறிவிப்புகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் சரி கொடுத்தேன். போர்டோடு வந்த சிடியில் சிப்செட், திரை, லேன் என்று அந்த வரிசையிலேயே போட்டதும் கோபுரம் நேரானது.

மாமா டாங்கிளைத் தன் கையாலேயே திருகினார். அது இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் திருக வேண்டிய சாமான், அவருக்கு அந்தப் பழக்கம் விரலிலேயே இருக்கிறது. பேஜ்மேக்கரைத் திறந்து, அந்தப் பதினொன்றில் ஒரு பத்திரிகையை எடுத்தார். "நிகழும் மங்களகரமான" என்று தங்க நிறத்தில் எழுத்து அப்படியே நின்றது. அவர் ஒன்றும் பேசவில்லை. முகூர்த்த நேரத்தில் ஒரு திருத்தம் பாக்கியிருந்தது போல, அதைச் செய்து சேமித்துவிட்டு, "இந்தா, இவங்களுக்குப் போன் போட்டு ப்ரூஃப் பார்க்க வரச் சொல்லு" என்று கடைப் பையனிடம் சொன்னார்.

ஆக்டிவேஷன் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். போர்டு மாறினால் விண்டோஸ் அதை வேறு கம்ப்யூட்டராகக் கருதி மறுபடி உறுதி கேட்கும். மாமாவிடம் இருந்தது, அசெம்பிள் செய்தபோதே காசு கொடுத்து வாங்கிய ஸ்டிக்கர் உள்ள ஓஇஎம் விண்டோஸ், அதாவது ஒரு கம்ப்யூட்டரோடு சேர்த்தே விற்கிற உரிமம். ஓஇஎம் உரிமம் போர்டோடு போய்விடும் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் பழுதான போர்டுக்குப் பதிலாக மாற்றினால் புது உரிமம் வாங்க வேண்டியதில்லை என்பது மைக்ரோசாஃப்டின் விதி. போன் வழியாகச் செய்தோம். திரையில் ஆறு ஆறாக ஒன்பது கட்டங்களில் 54 எண்கள், நான் வாசிக்க வாசிக்க மாமா தட்டினார், அந்தப் பக்கமிருந்து 48 எண்கள் வந்தன. திருட்டு விண்டோஸாக இருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருப்போம். டாலி மாதிரியான கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதன் உரிமத்தை முன்கூட்டியே விட்டுக்கொடுத்துவிட்டுப் பிறகு மறுபடி வாங்கிக்கொள்வது நல்லது, லேன் முகவரி மாறினாலே வேறு கம்ப்யூட்டர் என்று நினைக்கிற மென்பொருள்கள் இருக்கின்றன.

போர்டு உயிரோடு இருக்கும்போதே மாற்றுகிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். கழற்றுவதற்கு முன் டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் கண்ட்ரோலரின் டிரைவரை, பட்டியலிலிருக்கும் பொதுவான ஸ்டாண்டர்ட் டிரைவருக்கு மாற்றிவிட்டு, உடனே ஷட்டவுன் செய்து போர்டை மாற்றிவிடலாம். ரெஜிஸ்ட்ரி பக்கம் போகவே தேவைப்படாது.

விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கு இந்த 7பி தொல்லை பெரும்பாலும் கிடையாது. முதல்முறை எழும்போதே சாதனங்களைத் தயார் செய்கிறேன் என்று சொல்லித் தானே சரிசெய்துகொள்ளும். அவர்களுக்கு ஆபத்து வேறு இடத்தில். டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் அதன் சாவி போர்டில் இருக்கிற டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு கட்டுண்டது, போர்டு மாறிய நிமிஷம் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லையென்றால் டிஸ்க்கில் இருப்பது யாருக்கும் கிடைக்காது, நகல் எடுத்தும் பலனில்லை. திருத்துறைப்பூண்டியில் தெரிந்த ஆசிரியர் ஒருவருக்கு இது நடந்தது. பிட்லாக்கர் என்று ஒன்று தன் லேப்டாப்பில் இருப்பதே அவருக்குத் தெரியாது, அது தானாகவே ஆன் ஆகியிருந்தது. நல்லவேளை, அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பார்த்தபோது எண் அங்கே இருந்தது. உங்கள் போர்டு நன்றாக ஓடுகிற இன்றைக்கே அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸ் உரிமத்தையும் அதே கணக்கோடு இணைத்து வைத்தால், போர்டு மாற்றிய பிறகு, வன்பொருளைச் சமீபத்தில் மாற்றினேன் என்று சொல்லி ஆக்டிவேஷன் வாங்கலாம். இன்னொன்று, பழைய பயாஸ் முறையில் போட்ட விண்டோஸைப் பயாஸுக்குப் பதில் யுஇஎஃப்ஐ வருகிற புதுப் போர்டுகளில் பல ஏற்காது. அதற்கு விண்டோஸ் 10இலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, டேட்டா அழியாமல் டிஸ்க்கை மாற்றிக் கொடுக்கும். லினக்ஸ்காரர்கள் பலருக்கு டிஸ்க்கை மாட்டினாலே ஓடிவிடும், அதிகபட்சம் லேன் கார்டின் பெயர் மாறியிருக்கும்.

மாமா கடை விண்டோஸ் 7 இப்போதும் ஓடுகிறது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதனால் லேன் ஒயரைப் பிடுங்கிவிட்டேன், இணையம் எல்லாம் அவர் போனில்தான். கடைக்கு ஒழுங்காக எர்த் கம்பி இறக்கியாகிவிட்டது. மானம் கறுத்தால் பையன் முதலில் பிளக்கைப் பிடுங்குகிறான், அப்புறம்தான் வெளியே காயப்போட்ட போஸ்டரை எடுக்க ஓடுகிறான். சித்திரையிலும் ஐப்பசியிலும் நான் போய் டிஸ்க்கை நகல் எடுத்துவிட்டு வருகிறேன், மாமா அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் தேதி எழுதி, வீட்டில் அத்தையின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துவிடுகிறார்.